சேலையூர் வீட்டில் நான் சொருகிய ஒயர்

கல்யாணத்துக்காகக் கொடுத்த பயோடேட்டாவில் என்னை 'நெட்வொர்க் இன்ஜினியர்' என்று போட்டிருந்தது முழுப் பொய் அல்ல. குரோம்பேட்டையில் ஆறு மாதம் நெட்வொர்க்கிங் கோர்ஸ் படித்திருந்தேன், சான்றிதழும் உண்டு. ஆனால் அலுவலகத்தில் நான் பார்த்த வேலை, பாஸ்வேர்டை மறந்தவர்களுக்குப் புதிய பாஸ்வேர்டு கொடுப்பது. (சிலருக்கு இரண்டு முறை கொடுப்பேன். முதல் முறை நானே தப்பாக அடித்திருப்பேன்.)

இந்தத் தகுதியோடு ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவுடன் சேலையூருக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் பெயர் நிவேதா. அவளுடைய அப்பா பெயிண்ட் கடை வைத்திருந்தார். வாசலிலேயே எங்களை நிறுத்தி, "தப்பா நினைக்காதீங்க தம்பி. பொண்ணுக்குப் பதினோரு மணிக்கு ஆன்லைன்ல இன்டர்வியூ கீது. நாவலூர் கம்பெனி, கடைசி ரவுண்டு. திடீர்னு இன்னிக்குதான்னு சொல்லிட்டாங்க" என்றார்.

நிவேதா பட்டுப்புடவையும் கழுத்தில் ஹெட்போனுமாக வந்து வணக்கம் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். காபி வந்தது. கூடவே வினையும் வந்தது.

"நீங்க நெட்டு இன்ஜினியராமே? மாடில கொஞ்சம் ஸ்லோவாதான் வருது. சும்மா பாருங்களேன்" என்றார் அவர். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பிறகு ஒரு மகன் சும்மா இருக்க முடியுமா?

டிவி மேஜைக்குப் பின்னால் மோடமும், பக்கத்திலேயே எட்டுத் துளைகள் உள்ள ஸ்விட்ச் பெட்டியும் இருந்தன. டிவி, வாசல் கேமரா, மாடிக் கம்ப்யூட்டர் என்று வீட்டின் நெட் ஒயர்களெல்லாம் வந்து சேரும் இடம் அது. மேஜைக்கு அடியில் ஒரு நீல ஒயரின் முனை அனாதையாகக் கிடந்தது.

"இதான் அங்கிள் பிராப்ளம். லூசா கிடக்கு, பாருங்க" என்று காலியாக இருந்த துளையில் அதைச் சொருகினேன்.

பெட்டியின் பச்சை விளக்குகள் அத்தனையும் படபடவென்று மின்னின.

"பாத்தீங்களா, டேட்டா எவ்ளோ ஸ்பீடா போகுதுன்னு!"

அவர் கைதட்டாத குறை. அதற்குள் மாடியிலிருந்து நிவேதாவின் குரல்: "அப்பா! நெட் சுத்தமா போயிடுச்சு!"

தடதடவென்று இறங்கி வந்தாள். மொபைல் டேட்டாவும் அந்த வீட்டுச் சுவர்களுக்குள் வீடியோ வருமளவுக்கு எடுக்காது. கம்பெனிக்குப் போன் செய்து கெஞ்சியதில் பதினைந்து நிமிடம் கிடைத்தது.

நான் மோடத்தை அணைத்துப் போட்டேன். பயனில்லை. "ரோட்டுல எங்கயோ தோண்டியிருப்பாங்க, கேபிள் கட் ஆயிருக்கும்" என்றேன். அதை அப்போது உண்மையாகவே நம்பினேன் என்பதுதான் கொடுமை.

நிவேதா என்னைப் பொருட்படுத்தவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "கடைசியா எதைத் தொட்டீங்க?"

நீல ஒயரைக் காட்டினேன். அவள் அதை விரலால் பிடித்தபடியே போனாள். ஒயர் மேஜைக் காலைச் சுற்றி, டிவிக்குப் பின்னால் நுழைந்து, வெளியே வந்து, மறுபடி அதே பெட்டிக்குள் போய் முடிந்தது.

"ரெண்டு முனையும் இதே பெட்டிலதான் இருக்கு" என்றாள். உடனே ஒரு முனையைப் பிடுங்கினாள். விளக்குகள் நிதானத்துக்கு வந்தன. ஒரு நிமிடத்தில் நெட்டும் வந்தது.

அவள் உடனே மாடிக்குப் போகவில்லை. "ஆனா ஏன்? இத்தனூண்டு ஒயர் எப்படி மொத்தத்தையும் நிறுத்துது?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அதுதான் அவமானம். "ஒரு செய்தி எல்லாருக்கும்னு வந்தா, இந்தப் பெட்டி அதை வந்த வழியத் தவிர மத்த எல்லா ஒயர்லயும் அனுப்பும். ஒரு ஒயர் திரும்ப இங்கயே வந்தா, அனுப்புனதே திரும்பி வரும். புதுசா ஏதோ வந்திருக்குன்னு நெனச்சு மறுபடி எல்லாருக்கும் அனுப்பும். அதுவும் திரும்பி வரும். இதுக்கு முடிவே கிடையாது. கொஞ்ச நேரத்துல அதுவே வழியை அடைச்சிடும், வேற எதுவும் போக முடியாது."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பரீட்சைல ஒரு பக்கம் எழுதியிருக்கேன்."

"அப்புறம் ஏங்க சொருகினீங்க?"

"காலியா இருந்துச்சு..."

அவள் சிரித்துக்கொண்டே படியேறினாள். அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கிளம்பலாமா என்பதுபோல் செருப்பைப் பார்த்தாள்.

மாடியிலிருந்து பேச்சு கேட்டது. நெட் ஏன் போனது என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். நிவேதா நான் சொன்னதையெல்லாம் என்னைவிடத் தெளிவாக ஆங்கிலத்தில் விளக்கினாள். தவறு செய்தவர் யார் என்பதை 'ஒரு விருந்தாளி' என்று நாகரிகமாக முடித்துக்கொண்டாள். அவர்கள் மேலும் மேலும் கேட்டார்கள். அரை மணி நேரம் போனது.

வேலை கிடைத்தது. நெட்வொர்க் பிரிவிலேயே! அதைவிட ஆச்சரியம், என்னையும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இவரையாம்மா?" என்று கேட்டாராம். "கேட்டா நல்லா சொல்லித் தர்றார்ப்பா. செய்யத்தான் விடக்கூடாது" என்றாளாம்.

இன்று அவள் அந்த அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலாளர். நான் இன்னும் பாஸ்வேர்டு கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சேலையூரில் மழைக்குக் கரண்ட் போனால்கூட, மாமனார் முதலில் மின்வாரியத்துக்குப் போன் செய்வதில்லை. எனக்குத்தான் செய்வார்.

"மாப்ள, அங்க எதையாவது சொருகினீங்களா?"