ஓடத் தெரியாதவர்களும் வரலாம்

அருட்செல்வனின் அன்றைய ஓட்டமும் மோட்டார் சைக்கிளில்தான் முடிந்தது.

கண்டி வீதியில் ஏறி, இன்னும் ஒழுங்காய் மூச்சுக்கூட வாங்கத் தொடங்கவில்லை. பின்னால் வந்த ஒருவர் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்னண்ணை, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சும்மா ஓடுறன்."

"சும்மா ஆரும் ஓடுவினமே? ஏறுங்கோ, பெரியாஸ்பத்திரியிலை இறக்கிவிடுறன்."

அரியாலையில் தலை நரைக்கத் தொடங்கிய மனிசன் ஒருவன் வேர்க்க விறுவிறுக்க ஓடினால், வீட்டில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்றுதான் சனம் நினைக்கும். உதவ வந்தவரை முகத்திலடித்த மாதிரி அனுப்ப அருட்செல்வனுக்கு மனம் வரவில்லை. ஏறினான். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, நன்றி சொல்லி, உள்ளே போகிற மாதிரிக் கொஞ்சத் தூரம் போய், அந்த மனிசன் மறைந்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தான்.

குசினியில் அவன் மனைவி தக்சாயினி நின்றாள். கையில் ஊசி. முன்னால் ஒரு கத்தரிக்காய்.

விசயம் இதுதான். சங்கக்கடை மனேச்சர் அருட்செல்வனுக்குச் சீனி வருத்தம். "நடப்பியளோ ஓடுவியளோ எனக்குத் தெரியாது, அடுத்த கிளினிக்குக்கு முதல் சீனி இறங்கவேணும். இல்லாட்டி நாள் தவறாமல் வீட்டிலை ஊசிதான்" என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றால் அருட்செல்வனுக்குக் குலை நடுக்கம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வந்த அன்று மதில் பாய்ந்து ஓடியவன் அவன்.

முதலில் நடந்துதான் பார்த்தான். நடக்கிறவனை ஊர் சும்மா விடுமா? வாசலுக்கு வாசல், படலைக்குப் படலை மறித்துக் கதைத்தார்கள். கதைத்தால் தேத்தண்ணி. தேத்தண்ணி என்றால் சீனி. ஒரு கிழமை நடந்ததில் சீனி இன்னும் கொஞ்சம் ஏறியது. அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

"இஞ்சாரும், உந்தக் கத்தரிக்காயை நான் இல்லாத நேரம் குத்தினா என்ன?" என்றான் அருட்செல்வன்.

"கத்தரிக்காயிலை பழகினாக் கை நடுங்காதாம். நேர்ஸ் சொன்னவ." தக்சாயினி குத்தினாள். கத்தரிக்காய் பேசாமல் வாங்கிக்கொண்டது. "எங்கை, சேட்டைத் தூக்குங்கோ. வயித்திலை எந்தப் பக்கம் வசதியெண்டு பாப்பம்."

கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவளை இவ்வளவு ஆர்வமாய் அவன் கண்டதில்லை. சேட்டை இன்னும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

அன்றைக்கே யோசித்தான். தனிய ஓடினால்தானே ஏற்றுகிறார்கள்? பத்துப் பேராய் ஓடினால் எந்த மோட்டார் சைக்கிளில் இடமிருக்கும்? சங்கக்கடையில் ஒரு மட்டையை எடுத்து, நீலப் பேனையால் தன் கையாலேயே எழுதினான்.

"அரியாலை ஓட்டக் கழகம். ஞாயிறு காலை வாசிகசாலை முன்றலில் கூடுவோம். ஆண் பெண் இருபாலாரும் வரலாம்."

எழுதி முடித்த பிறகு, கூச்சப்படுகிற சனத்தை நினைத்து இரக்கப்பட்டு, இன்னும் ஒரு வரி சேர்த்தான்: "ஓடத் தெரியாதவர்களும் வரலாம். பழக்கப்படும்."

அந்த இரக்கம்தான் ஆளைக் கவிழ்த்தது.

ஞாயிறு காலை வாசிகசாலை முன்றலில் நிற்க இடமில்லை. இரண்டு ஆட்டோ. நாலைந்து ஸ்கூட்டி. ஓய்வு பெற்ற கிளாக்கர் முருகேசர் தன் பழைய ஒஸ்ரின் காரோடு. தோட்டக்காரன் கஜீபன் தன் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு, பின்பெட்டியில் மனிசியும் மாமியும்.

பிழை அருட்செல்வனுடையதுதான். யாழ்ப்பாணத்தில் காரை ஒருவரும் ஓட்டுவதில்லை, கார் ஓடுவார்கள். சைக்கிள் ஓடுவார்கள், ஆட்டோ ஓடுவார்கள், லாண்ட்மாஸ்டர் ஓடுவார்கள். ஓடத் தெரியுமோ என்று கேட்டால் லைசன்ஸ் இருக்கோ என்றுதான் அர்த்தம். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஊசிப் பயத்தில் மூளை வேலை செய்யவில்லை.

"என்ரை மாமிக்கு ஆட்டோ ஓட ஆசை. எத்தினை நாளிலை பழக்குவியள்?" என்றான் கஜீபன்.

"தம்பி, இது... காலாலை ஓடுறது."

"காலாலையோ?" கஜீபன் திரும்பி மாமியைப் பார்த்தான். மாமி அருட்செல்வனைப் பார்த்தா.

"காலாலை ஓட என்னத்துக்குப் பழகவேணும்? நாய் கலைச்சாப் போதுமே" என்றா மாமி.

முன்றல் சிரித்தது. ஆட்டோக்கள் திரும்பின, ஸ்கூட்டிகள் திரும்பின. முருகேசரின் ஒஸ்ரின் மட்டும் திரும்பவில்லை. அது நின்றால் நின்றதுதான், தள்ளினால்தான் ஸ்ரார்ட் வரும். அருட்செல்வனும் கஜீபனும் மாம்பழச் சந்தி வரைக்கும் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கழகத்தின் முதல் ஓட்டம் அவ்வளவுதான்.

நடந்ததைக் கேட்ட தக்சாயினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்திச் சிரித்தாள்.

"சிரியும், நல்லாச் சிரியும். உமக்கென்ன, ஊசியும் கையுமாய் நிக்கிறீர்" என்று அருட்செல்வன் கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டான். பின்னேரம் அவள் மரக்கறி வாங்கவென்று வெளிக்கிட்டு, வெகு நேரம் கழித்துக் கத்தரிக்காயோடு திரும்பினாள்.

அடுத்த நாள் விடிய, வாசிகசாலை வாசலில் கொழுவியிருந்த மட்டையைக் கழட்டக் கை வைத்த நேரம் ஒரு பெண் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வந்து நின்றா. முன்பின் கண்ட ஆளில்லை.

"நான் லூர்த்தம்மா, பாசையூர். ஓட்டக் கழகம் இதுதானே?"

"ஓம், ஆனா அது தங்கச்சி..."

"ஓடத் தெரியாதவையும் வரலாம், பழக்கப்படும் எண்டு போட்டிருக்கு." அவ மட்டையின் கடைசி வரியில் விரலை வைத்தா. "எனக்குக் கொஞ்சமும் ஓட வருகுதில்லையண்ணை. ஒருத்தரும் பழக்குறாங்களுமில்லை."

எழுதினது அவன். கையெழுத்து அவனுடையது. எப்படி இல்லையென்பது?

"நான் என்ரை கூடப்பிறந்த தங்கச்சிக்குச் சைக்கிள் கரியரைப் பிடிச்சுத்தான் பழக்கினனான். ஸ்கூட்டி தெரியாது."

"அது காணும். பின்னாலை பிடிச்சுக்கொண்டு வாங்கோ. விட்டிடாதையுங்கோ."

பிடித்தான். ஓடினான். அப்படி ஒரு மோசமான மாணவியை உலகம் கண்டிராது. அவன் கையை எடுத்த அந்தக் கணமே ஸ்கூட்டி சரியும். அவன் வேகத்தைக் குறைத்தால், "ஐயோ அண்ணை, மெள்ளப் போனா எனக்குப் பலன்ஸ் வராது" என்று அலறுவா. காற்று முகத்தில் அடித்தால்தான் கை நேராய் நிற்குமென்று கடலேரிக் கரை றோட்டுக்குத்தான் போகவேண்டும், அதுவும் எதிர்க்காற்றில்.

"இந்த ஒழுங்கையாலை திரும்புவம் தங்கச்சி, கிட்டவாய்ப் போகும்."

"எனக்கு வலப்பக்கம் திருப்ப வராதண்ணை."

"அப்ப இடப்பக்கம்?"

"அதுவும் வராது."

ஆகவே றோட்டு முடிகிற இடம் வரைக்கும் நேரே ஓடினார்கள். அங்கே இறங்கி, இருவருமாய் ஸ்கூட்டியைத் தூக்கித் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி ஓடினார்கள். ஒரு சிரிப்பான விசயம் என்னவென்றால், ஸ்கூட்டிக்குப் பின்னால் பிடித்த பிடி விடாமல் ஓடுகிறவனை எந்த மோட்டார் சைக்கிள்காரனும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. படலையில் மறித்துத் தேத்தண்ணி நீட்டினவர்களைக் கண்டால் மட்டும் லூர்த்தம்மாவுக்குக் கை தடுமாறி ஸ்கூட்டி இன்னும் வேகமெடுக்கும்.

ஒரு நாள் தோட்டத்தில் நின்ற கஜீபனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அண்ணை, உந்த மனிசி உங்களையும் கொண்டுபோய்க் கடலிலை விடப்போறா." மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து இடப்பக்கம் பிடித்தான். இரண்டு பேர் பிடித்ததில் லூர்த்தம்மாவுக்குத் தைரியம் வந்து வேகம் கூடியது. கூடின வேகத்தில் ஸ்கூட்டி வலப்பக்கம் சாய, வலப்பக்கத்துக்கு இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மாடுகளைக் கலைக்க முருகேசர் விசிலோடு முன்னால் ஓடினார். கஜீபனின் மாமி, விழுந்தால் போட மஞ்சளும் துணியும் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினா.

கஜீபன் இரும்புக் குழாய் ஒட்டி, ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு சில்லுப் பூட்டினான். மூன்று சில்லோடும் அந்த மனிசி வெங்காயத் தோட்டத்துக்குள் விழுந்தா. அத்தனை பேருமாய்த் தூக்கி எடுத்தார்கள்.

அதோடு ஊருக்கு ரோசம் பிறந்துவிட்டது.

"அரியாலையார் ஒரு பொம்பிளைக்கு ஓடப் பழக்கேலாமல் நிக்கினமெண்டு நாவற்குழியிலை சிரிக்கிறாங்களாம்" என்றார் முருகேசர்.

"ஆர் சிரிச்சது? அவ பழகுமட்டும் நான் விடமாட்டன்" என்றா மாமி, முழங்காலைத் தடவிக்கொண்டு.

ஒவ்வொரு நாளும் விடிய முன்றல் நிறைந்தது. சப்பாத்துப் போட்டவர்கள், வெறுங்காலோடு வந்தவர்கள், சாறத்தை மடித்துக் கட்டியவர்கள். மழை பெய்தாலும் வந்தார்கள். சுவாமி வலம் வருகிற மாதிரி நடுவில் லூர்த்தம்மா, சுற்றிவர ஊர். ஓடி முடிந்ததும் மாமி அவித்த கடலை, சீனி இல்லாத பிளேன்ரீ. வேலிச் சண்டையில் பேசாமலிருந்த இரண்டு வீட்டுக்காரர் ஒரே ஸ்கூட்டியின் இரு பக்கமும் பிடித்து ஓடியதில், ஒருவரையொருவர் "பாத்து, கல்லு" என்று சொல்லத் தொடங்கி, கதைக்கவே தொடங்கிவிட்டார்கள். லூர்த்தம்மா மட்டும் போட்ட இடத்திலேயே நின்றா. ஒரு முன்னேற்றமும் இல்லை.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் றிப்போட்டைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் பார்த்தார்.

"நல்லா இறங்கியிருக்கே. என்ன செய்தனீங்கள்?"

"ஒரு பொம்பிளைக்குப் பின்னாலை ஓடினனான், டொக்டர்."

பக்கத்தில் நின்ற நேர்ஸ் வாயைப் பொத்தினா. டொக்டர் குரலைத் தாழ்த்தினார். "மனிசிக்குத் தெரியுமோ?"

"ஓம். விடிய எழுப்பி அனுப்புறதே அவதான்."

"நல்ல மனிசி. ஊசி வேண்டாம், உதையே விடாமல் செய்யுங்கோ."

அருட்செல்வன் வீட்டுக்குப் பறந்து வந்து சொன்னான். தக்சாயினி ஊசிப் பெட்டியை எடுத்துக் குப்பைக்குள் போட்டாள். "வாங்கின கத்தரிக்காயெல்லாம் வீண்" என்று முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குள் போனவள், கனநேரம் வெளியில் வரவில்லை. பாவம், குத்தக் கிடைக்கவில்லையென்று கவலைப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சந்தோசத்துக்கு நடுவிலும் அவன் மனத்தில் ஒன்று உறுத்தியது. லூர்த்தம்மாவால்தான் தப்பினான். அவவுக்கு அவன் என்ன செய்தான்? இத்தனை நாள் பழக்கியும் ஒரு வளைவு திருப்பப் பழக்கவில்லை. வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. இனித் தன் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவவின் காலம்தான் வீணாகும்.

பின்னேரமே பாசையூருக்குப் போய், கொலின்ஸ் என்பவரின் டிரைவிங் ஸ்கூலைத் தேடிப் பிடித்தான். கொலின்ஸ் வாசலில் கதிரை போட்டு இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் அரியாலை ஓட்டக் கழகத்திலை இருந்து வாறன்" என்றான் அருட்செல்வன், தலையைக் குனிந்துகொண்டு. "ஒரு ஆளை உங்களிட்டை ஒப்படைக்கவேணும். எங்களாலை ஏலாமல் போச்சு. நல்ல மனிசி, ஆனா ஓட்டம் எண்டது கொஞ்சமும் வராது. வலப்பக்கமும் திருப்பமாட்டா, இடப்பக்கமும் திருப்பமாட்டா. பிறேக் எங்கையிருக்கெண்டும் தெரியாது. கோவிக்காமல் பொறுமையாய்ப் பழக்கவேணும்."

"ஆர் ஆள்?"

"லூர்த்தம்மா. உங்கடை ஊர்தான்."

கொலின்ஸ் கோப்பையை மெள்ள நிலத்தில் வைத்தார்.

"லூர்த்தம்மா இஞ்சை பொம்பிளையளுக்கு ஸ்கூட்டி பழக்கிற ரீச்சரண்ணை," என்றார், "'என்ரை கையாலை அந்த மனிசனுக்கு ஊசி குத்த என்னாலை ஏலாது, எப்பிடியும் ஓட வைச்சுத் தாங்கோ' எண்டு உங்கடை மனிசி நான் இருக்கிற இந்தக் கதிரையிலைதான் இருந்து அழுதவ."