சிங்கிள் கேப்பும் லாங் பெட்டும்

பெருமாள்மலை சேனாதிபதி சொந்தமாக ஒரு வண்டி கட்டுவதென்று முடிவு செய்தபோது, அதன் நிறத்தை முடிவு செய்யவில்லை. நெற்றியில் எந்தச் சாமியின் பெயரை எழுதுவதென்று முடிவு செய்யவில்லை. மாமியார் உட்கார அதில் இடம் இருக்கக் கூடாது என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டார்.

பெயர்தான் சேனாதிபதி. சேனை அவருடைய கிட்டங்கியில் கிழங்காகக் கிடந்தது. அதிபதி வீட்டுக்குள் மனைவி சண்முகசுந்தரியாக இருந்தாள்.

அது எண்பத்துமூன்றாம் வருஷம். மன்னவனூர்ப் பக்கத்துக் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் வாங்கி, வாடகை லாரியில் கீழே அனுப்புவது அவர் தொழில். வாரத்தில் ஒரு நாள் லாரியோடு அவரும் வத்தலக்குண்டுக்கு இறங்குவார். மார்க்கெட் சோலி கொஞ்ச நேரம்தான். மிச்சப் பகல் முழுக்க அவருடையது. ஸ்வெட்டரைக் கழற்றுவார். சட்டையைக் கழற்றுவார். லாட்ஜ் அறையில் பனியனோடு உட்கார்ந்து வியர்ப்பார். மலைக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு வியர்வை ஒரு பலகாரம். பிறகு பிரியாணி. பிறகு மேட்னி. எல்லாவற்றையும்விட இனிப்பானது, அன்று முழுக்க அவரிடம் யாரும் எதுவும் பேசமாட்டார்கள் என்பது.

லாரியில் இன்னொருவர் உட்கார இடம் கிடையாது. அதனால் வீட்டில் யாரும் "நாங்களும் வர்றோம்" என்று கேட்டதில்லை. ஆனால் லாரி வராத நாட்களில் கேரட் வாடியது. சொந்த வண்டி வேண்டும். சொந்த வண்டி வந்தால் மாமியாரும் வருவார்.

மாமியார் குப்பம்மாள், மன்னவனூரில் டிராக்டர் ஓட்டியவரின் சம்சாரம். கணவர் காலமான பிறகு ஒரே மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஓடுகிற டிராக்டரைக் கையால் நிறுத்தலாம். குப்பம்மாள் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. மாதா மாதம் கார்த்திகைக்குப் பழனியாண்டவரைப் பார்க்க வேண்டும். பார்த்தால் அவரிடமும் பேசுவார்.

பெருமாள்மலையில் சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வத்தலக்குண்டுக்கு இறங்கும். மற்றது பழனிக்கு இறங்கும். சுந்தரியின் அடுப்படி ஜன்னல் அந்தப் பிரிவைப் பார்த்தபடி இருந்தது. பனி விலகுகிற நேரங்களில், வண்டிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போவதைக் கையில் கரண்டியோடு அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். போகிற வண்டி எதிலும் அவள் இருந்ததில்லை.

பருவத்தில் பேரிக்காயும் பெட்டி பெட்டியாகக் கீழே போகும்; அதைப் பொதியப் பழைய காகிதம் வாங்குவார்கள். அப்படிக் கொடைக்கானல் வெள்ளைக்காரர் பங்களாவிலிருந்து வந்த காகிதக் கட்டுக்குள் ஒரு அமெரிக்க மோட்டார்ப் பத்திரிகை இருந்தது. சேனாதிபதி அதை இரண்டு நாள் படம் பார்த்தார். மூன்றாம் நாள் இங்கிலீஷ் வந்துவிட்டது.

"சுந்தரி, இங்க பாரு. அமெரிக்காவுல இதுக்குப் பேரு பிக்கப்பு. முன்னால ஆளு உக்கார்ற எடம் கேப்பு. பின்னால சரக்கு ஏத்துற தொட்டி பெட்டு."

"கேப்புன்னா குல்லால்ல?"

"அது வேற கேப்பு."

"பெட்டுன்னா மெத்தை."

"அது வேற பெட்டு. நம்ம கட்டப்போறது சிங்கிள் கேப்பு, லாங் பெட்டு."

"குல்லா ஒண்ணு, நீளமா மெத்தை ஒண்ணு. நீங்க வண்டி வாங்கப் போறீங்களா, ஆஸ்பத்திரில படுக்கப் போறீங்களா?"

உள்ளேயிருந்து குப்பம்மாள் குரல் வந்தது. "மாப்ளைக்கு ஒடம்புக்கு என்னடீ?"

அதே பத்திரிகையில் இன்னொரு படமும் இருந்தது. முன்னால் இரண்டு கதவு, பின்னால் இரண்டு கதவு, உள்ளே இரண்டு வரிசை சீட்டு. டபுள் கேப். தொட்டி மட்டும் குட்டை. சேனாதிபதி அந்தப் பக்கத்தைச் சத்தமில்லாமல் கிழித்து, ஒரு பேரிக்காயைச் சுற்றி, பெட்டியின் அடியில் வைத்தார். வீட்டில் பேரிக்காய் அடுக்குவது யார் என்பதை மறந்துவிட்டார்.

"ஏங்க, இது என்ன? இந்த வண்டிக்கு நாலு கதவு இருக்கே!"

"அதுவா... அது பழைய மாடல்."

"பின் சீட்டுல ஒரு கெழவி உக்காந்திருக்கு."

"நல்லாப் பாரு. கெழவி இல்ல, நாய்."

சுந்தரி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "வெள்ளைக்காரன் நாய்க்குச் சீட்டு வச்சு வண்டி கட்டுறான். எங்கம்மாவுக்கு ஒரு சீட்டு கெடையாதா?"

சேனாதிபதி கணக்குக்குள் ஒளிந்துகொண்டார். "புரியாமப் பேசாத புள்ள. அடிச்சட்டம் ஒரே நீளந்தான். கேப்பு ரெண்டடி நீண்டா பெட்டு ரெண்டடி கொறையும். ரெண்டடி கொறஞ்சா ஒரு வரிசை மூட்டை போச்சு. உங்கம்மா உக்கார்ற எடத்துல எத்தனை கேரட்டு உக்காரும் தெரியுமா?"

"கேரட்டு பேசாதுல்ல," என்றாள் சுந்தரி.

அவருக்குத் திக்கென்றது. மனதுக்குள் வைத்திருந்ததை அவள் எப்படி வாசித்தாள் என்று தெரியவில்லை.

மறுவாரம் வத்தலக்குண்டில் பாடி கட்டுகிற திருமலைச்சாமி மேஸ்திரியிடம் போனார். பட்டறையில் என்ஜினும் சக்கரமும் அடிச்சட்டமுமாக வண்டி எலும்புக்கூடாக நின்றது. மேஸ்திரி சாக்கட்டியால் தரையில் கோடு போட்டார்.

"பின் சீட்டு வச்சாக் குடும்பத்துக்கு ஆகும்ணே."

"குடும்பத்துக்கு ஆகக் கூடாது மேஸ்திரி. அதான் விசயமே. தொட்டிய நீட்டுங்க."

"இதுக்கு மேல நீட்டினா பின் சக்கரத்தத் தாண்டி வெளிய போயிரும். மலை வளைவுல வாலு ஆடும். வாலுல கெடக்குற சரக்கு துள்ளும்."

"சரக்குதானே? துள்ளட்டும். நீட்டுங்க."

மேஸ்திரி நீட்டினார்.

வண்டிக்கு டிரைவரையும் அவரே தேடிப் பிடித்தார். வேலுமணி. அதுவரை எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். நல்ல டிரைவர் என்று ஊரெல்லாம் சொன்னார்கள். சேனாதிபதிக்கு அவனைப் பிடித்த காரணம் வேறு. அவன் பேசவே மாட்டான். சரி என்றால் "ம்". சரியில்லை என்றால் தலையைச் சொறிவான். அகராதியே அவ்வளவுதான். மலைப் பாதை முழுக்க இரண்டு ஊமைகளாகப் போய்வருவதை நினைத்து அவர் தூக்கத்தில் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் சுந்தரி கொடைக்கானலில் தையல் கிளாஸ் போகிறேன் என்றாள். கம்பளி பின்னவும் அங்கேயே சொல்லித் தருகிறார்களாம். வண்டி வரும்வரை வேலுமணி ஓட்டுகிற எஸ்டேட் ஜீப் அந்தப் பக்கம்தான் போகிறது, அதிலேயே போய் வந்துவிடுவாளாம். சேனாதிபதி சந்தோஷமாகச் சரி என்றார். தைக்கிற பெண்ணின் வாயில் நூல் இருக்கும். நூல் இருக்கிற வாயில் கேள்வி இருக்காது.

பின் சீட்டு விஷயத்தை ஒரேயடியாக முடித்துவிட நினைத்து, ஒரு சாயங்காலம் அவர் குரலில் வெல்லத்தைக் கரைத்தார்.

"சுந்தரி, வண்டிய உன் பேர்லயே எடுத்துருவமா?"

அவள் எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காச்ச இல்லையே!"

"பாசம்டி. பின் சீட்டு வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. வண்டி உன் பேர்ல."

"என் பேரு வேணாங்க. எங்கம்மா பேர்ல எடுங்க. பழனி பழனின்னு சொல்லிக்கிட்டே கெடக்குற உசுரு. காயிதத்துலயாவது பேரு பழனிப் பக்கம் போகட்டும்."

சேனாதிபதிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. காகிதம்! காகிதத்துக்குச் சீட்டு வேண்டாம். காகிதம் பேசாது.

"எடுத்துட்டாப் போச்சு. அப்பறம் பின் சீட்டு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"அத்தை?"

"அம்மாவும் பின் சீட்டு கேக்காது. ஆனா முன்னால இருக்குற ரெண்டு சீட்டும் யார் யாருக்குன்னு இப்பவே சொல்லிப்புடுங்க. நாளைக்குச் சண்டை வரக் கூடாது."

சேனாதிபதி எழுந்து நின்று நெஞ்சில் கை வைத்தார். "சட்டப்படி ஒரு சீட்டு டிரைவருக்கு. ஒரு சீட்டு ஓனருக்கு. வேற ஆளு உக்காந்தா செக்போஸ்ட்டுல எறக்கி விட்டுருவான்."

"சும்மா கூட வர்ற ஆளு?"

"சரக்கோட சரக்காப் பின்னாலதான்."

"இது சட்டமுங்களா?"

"சட்டம்!"

அந்தச் சட்டம் அந்த நிமிஷம்தான் பிறந்தது. ஈரம்கூடக் காயவில்லை. ஆனால் சுந்தரி அதை அப்படியே மனதில் மடித்து வைத்துக்கொண்டாள்.

வண்டி வந்தது. நீலம். நெற்றியில் 'குப்பம்மாள் துணை'. அதைப் பார்த்தபோது சேனாதிபதிக்கு நெஞ்சில் லேசாக ஒரு முள் குத்தியது. தொட்டியின் நீளத்தைப் பார்த்ததும் முள் உதிர்ந்துவிட்டது. இந்த முனையில் நின்றால் அந்த முனை பனியில் மறைந்தது. கேப்பின் பின்சுவரில் மட்டும் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.

"இது எதுக்கு வேலுமணி?"

வேலுமணி தலையைச் சொறிந்தான்.

முதல் பயணத்தன்று சேனாதிபதி வெள்ளனே எழுந்தார். வத்தலக்குண்டு வெயிலுக்கென்று எடுத்துவைத்த மெல்லிய சட்டையைப் போட்டார். ஸ்வெட்டரை வேண்டுமென்றே மறந்தார். வெளியே வந்து பார்த்தால், மூட்டை ஏற்றி முடிந்திருந்தது. வாலில் மட்டும் ஓராள் இடம் விட்டு, அதில் புத்தம்புது மெத்தை ஒன்று விரித்திருந்தது. முன் சீட்டில் பட்டுச்சேலைக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டு, மடியில் பஞ்சாமிர்தத்துக்குத் தூக்குவாளியோடு குப்பம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, எறங்குங்க. இங்க வேற ஆளு உக்காரக் கூடாது. சட்டம் இருக்கு."

"இருக்குன்னு மக சொன்னா மாப்ள. ஓனர் சீட்டாமுல்ல இது. பேர நெத்தியிலயே எழுதிப் போட்டிருக்காகளாம். எனக்குத்தான் படிக்கத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமுல்ல?"

சேனாதிபதி திரும்பினார். வேலுமணி டிரைவர் கதவைத் திறந்து பிடித்தபடி வெளியே நின்றான். சுந்தரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"ஏய், நீ எங்க ஏறுற?"

"டிரைவர் சீட்டுலங்க."

"லைசென்சு?"

அவள் ஒரு சின்னப் புத்தகத்தை நீட்டினாள். அதில் அவள் போட்டோ இருந்தது. "தையல் கிளாஸுல குடுத்தாங்க."

"டிரைவிங் எப்படி..."

"டிராக்டர்க்காரு மகளுக்குக் கிளச்சு கத்துக் குடுக்கணுமா? வளைவு மட்டுந்தான் வேலுமணி சொல்லிக் குடுத்தாரு."

"அடப்பாவி வேலுமணி! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

வேலுமணி தலையைச் சொறிந்தான். பேசாத ஆள் வேண்டுமென்று பொறுக்கி எடுத்தது அவர்தானே.

"அப்ப நான்?"

"வீட்டுல இருந்தாலும் சரிங்க. கஞ்சி அடுப்புல கெடக்கு. கூட வர்றதுன்னா..." அவள் முடிக்கவில்லை. மெதுவாக, மரியாதையாக, "சட்டம்" என்றாள்.

கஞ்சியை நினைத்தார். பிரியாணியை நினைத்தார். எங்கே உட்கார்ந்து போனால் என்ன, வத்தலக்குண்டு வத்தலக்குண்டுதானே. ஏறி மெத்தையில் உட்கார்ந்தார். மெத்தை நன்றாகவே இருந்தது. வேலுமணி கதவைச் சாத்திவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். வண்டி, பால் பொங்குவதுபோல் அலுங்காமல் கிளம்பியது.

பிரிவு வந்தது. வண்டி பழனிப் பக்கம் திரும்பியது.

சேனாதிபதி மூட்டைகளின் மேல் தவழ்ந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினார். "ஏ சுந்தரி! வத்தலக்குண்டு அந்தப் பக்கம்!"

ஜன்னல் திறந்தது. "ஒட்டன்சத்திரத்துல கேரட்டுக்குக் கிராக்கியாங்க. பழனி வழியாத்தானே போகணும்."

"எறங்கினதும் வெரசா ஒட்டன்சத்திரம் போயிருவமுல்ல?"

"இன்னைக்குக் கார்த்திகைங்க."

முதல் வளைவில் வால் ஆடியது. அவர் மூட்டைகளிலிருந்து உருண்டு மெத்தையில் விழுந்தார். சரக்கு துள்ளியது. திறந்த ஜன்னல் வழியாகக் குப்பம்மாளின் பேச்சு, வாய்க்கால் மடை திறந்த மாதிரி அவரை நோக்கி இறங்கி வந்தது. "அந்தக் காலத்துல எங்க வீட்டுக்காரரு..." அந்த ஜன்னல் எதற்கென்று இப்போது அவருக்கு விளங்கியது.

பக்கத்துக் கண்ணாடியில் சுந்தரியின் முகம் தெரிந்தது. பனி விலகி விலகி வழி விடுகிற சாலையை, இதுவரை யாரும் அதில் போனதே இல்லை என்பதுபோல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவதற்குத் திறந்த வாயைச் சேனாதிபதி மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம்தான். மெல்லிய சட்டைக்குள் மலைக் காற்று புகுந்து எலும்பை எண்ணியது.

"குளுருதுடி சுந்தரி! நான் வேற ஒண்ணுமே கேக்கல, குளுருக்கு ஏதாச்சும் குடு!"

மாமியாரின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டது. அதில் மன்னவனூர்க் கம்பளியில் பின்னிய குல்லா ஒன்று இருந்தது. வண்டியை அடுத்த வளைவுக்கு ஒடித்துக்கொண்டே சுந்தரி சொன்னாள்:

"போட்டுக்கிட்டுப் படுங்க. சிங்கிள் கேப்பு, லாங் பெட்டு. ரெண்டும் நீங்க கேட்டதுதானுங்க."