ஆவிக்கு எதற்கு வங்கிப் புத்தகம்?

காலை எட்டு மணிக்கே வரிசை மாடிப்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. சோப்பு விற்பவர்கள், செருப்பு விற்பவர்கள், கைப்பேசி உறை விற்பவர்கள். எல்லாரும் இணையத்தில் கடை போட்டவர்கள். எல்லாரும் தபாலில் எதையோ தொலைத்தவர்கள். ஆளுக்கொரு காலி அட்டைப்பெட்டியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு நின்றார்கள்.

மாடியில் பார்சல் சாமி. தொலைந்த சரக்கை அவர் கண்டுபிடிக்க மாட்டார். அதெல்லாம் சில்லறைச் சாமியார்களின் வேலை. சரக்கை விழுங்கிய ஆவியிடமிருந்து நஷ்டஈட்டைக் கறந்து கொடுப்பார். பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும். விழுந்ததில் பாதி காணிக்கை.

"எந்த ஆவி சாமி?" என்று கேட்டால், "செத்துப்போன தபால்காரங்கதான். உயிர் போனாலும் பார்சலைத் தூக்குற பழக்கம் போகல" என்பார். கூட்டம் சிலிர்க்கும்.

அன்று வரிசையில் அக்காவும் தங்கையும் நின்றார்கள். அக்கா வீட்டிலேயே சோப்பு காய்ச்சி விற்பவள். ஒரு தங்கும் விடுதி கேட்டிருந்த இருநூறு சோப்பும் வழியில் மாயம். விடுதிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் அடுத்த காய்ச்சலுக்கு எண்ணெய் வாங்கக்கூட வழியில்லை. தங்கை பொம்மைகளுக்குச் சட்டை தைத்து விற்பவள். துணைக்கு வந்தவள்.

சாமி அக்காவின் காலிப் பெட்டியைக் காதில் வைத்தார்.

"தண்ணிச் சத்தம் கேக்குது. தூரத்துல இருக்கு. சரி, தபால் ரசீது, விலைச்சீட்டு, வங்கிப் புத்தக நகல் கொண்டு வந்தியாம்மா?"

"ஆவிக்கு எதுக்கு சாமி வங்கிப் புத்தகம்?" என்றாள் தங்கை.

"பணத்தை யார் கணக்குல போடணும்னு அதுக்குத் தெரிய வேணாமா?"

ஏற்கெனவே ஒருமுறை பணம் கிடைத்து, அடுத்த பார்சலுக்காகப் பின்னால் நின்ற செருப்புக்காரர் மெய்ம்மறந்து தலையாட்டினார். "என்ன ஞானம்!"

பிறகு சாமி ஒரு கறுப்புத் துணியை விரித்தார். நடுவே விரல் நீளத்துக்கு ஓர் ஓட்டை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் கையெழுத்துப் போட வேண்டும்; கண் திறந்தால் ஆவி கோபித்துக்கொள்ளும். அக்கா போட்டாள். ஆனால் முன்காணிக்கை கட்ட அவளிடம் காசில்லை. "கட்டினாத்தான் ஆவி நகரும்" என்று சொல்லி, ரசீதையும் மற்றதையும் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

மறுநாள் தங்கை அஞ்சலகத்துக்குப் போனாள். கவுன்டர் அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பார்சல் தொலைஞ்சா நஷ்டஈட்டுப் படிவம் எழுதிக் குடுங்க. கூட ரசீது, விலைச்சீட்டு, வங்கிப் புத்தக நகல்."

"படிவத்துக்கு எவ்வளவு?"

"காசெல்லாம் கிடையாது. அனுப்பின அறுபது நாளுக்குள்ள குடுக்கணும், அவ்வளவுதான்."

அக்காவுக்கு அன்று நாற்பத்திரண்டாவது நாள். தங்கை ஓடிப்போய்ச் சொன்னாள்.

"வாயை மூடுடி! செருப்புக்காரருக்குப் பணம் வந்துச்சா இல்லையா?"

"அது அஞ்சலகம் குடுத்ததுக்கா."

"அஞ்சலகத்தைக் குடுக்க வெச்சது யாரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய அறிஞர் இன்னும் பிறக்கவில்லை. தங்கை விவாதத்தை விட்டுவிட்டாள்.

ஒரு பொம்மைச் சட்டையைப் பொட்டலம் கட்டித் தன் முகவரிக்கே அனுப்பினாள். இரண்டு நாளில் தபால்காரர், அதுவும் உயிரோடிருக்கும் தபால்காரர், கொண்டுவந்து கொடுத்தார். அதை அலமாரிக்குள் வைத்துவிட்டு, ரசீதோடு சாமியிடம் போனாள். முன்காணிக்கையும் கட்டினாள்.

சாமி பெட்டியில் காதை வைத்தார். "நடுக்கடல்!"

"நல்லாக் கேளுங்க சாமி. பக்கத்துல எங்கயாவது?"

"இல்லவே இல்ல. ஆவி பிடிச்சு வெச்சிருக்கு."

துணி விரிந்தது. தங்கை கண்களை இறுக மூடிக்கொண்டு ஓட்டைக்குள் எழுதினாள். அடுத்த ஆளைக் கூப்பிடும் அவசரத்தில் சாமி ஓட்டைக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அஞ்சலகத்திலிருந்து கடிதம். அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு மாடியேறினாள். சாமியின் எதிரிலேயே கூட்டத்துக்குக் கேட்கும்படி வாசித்தாள்:

"தாங்கள் அனுப்பிய நஷ்டஈட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதிலாக 'பார்சல் என் வீட்டில்தான் இருக்கிறது' என எழுதப்பட்டுள்ளது. விளக்கம் தேவை."

கூட்டம் மொத்தமும் சாமி பக்கம் திரும்பியது.

"ஆவி அவ கையைப் பிடிச்சு எழுதிடுச்சு!" என்றார் சாமி.

"அப்ப விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினது யாரு?" என்றார் செருப்புக்காரர், முதன்முறையாகச் சந்தேகப்பட்டு. சந்தேகம் அவருக்குப் புதுச் செருப்புபோல் கடித்தது.

அக்காதான் முன்னால் வந்தாள். அடுத்த ஆளுக்காக விரித்திருந்த கறுப்புத் துணியைச் சரக்கென்று உருவினாள். அடியில் ஒரு நஷ்டஈட்டுப் படிவம். ஓட்டை இருந்த இடத்தில் 'விண்ணப்பதாரர் கையொப்பம்' என்ற கட்டம்.

"இலவசப் படிவத்துக்காய்யா எங்க பணத்துல பாதி?"

திறந்திருந்த தகரப்பெட்டியிலிருந்து தன் காகிதங்களை அள்ளினாள். செருப்புக்காரர் சாமியின் சட்டையைப் பிடித்தார். "என் காணிக்கையை எந்த ஆவி திருப்பித் தரும்?"

அக்காவுக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. நேராக அஞ்சலகத்துக்கு ஓடி, கண்ணைத் திறந்துகொண்டே கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதம் பணம் வந்தது. விடுதிக்கு மறுபடியும் சோப்பு காய்ச்சினாள்.

கடிதம் வாசித்த அன்று மாடியிலிருந்து இறங்கிய ஒருவர் மட்டும் தங்கையை ஓரமாகக் கூப்பிட்டிருந்தார். "ஏம்மா, இந்தப் படிவத்தை எந்த நேரத்துல குடுத்தா நல்லது?"

"கவுன்டர் திறந்திருக்கிற நேரத்துலங்க!"

தபாலில் தொலைந்த சரக்குக்கு நஷ்டஈடு உண்டு. அடுத்தவனிடம் அடகு வைத்த மூளைக்குத்தான் எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது.