வெள்ளைக்கார மெட்ராஸ்காரர்

மெல்பேர்ன் நகரத்திலேயே மிகச் சிறப்பாகத் தமிழில் திட்டத் தெரிந்த மனிதர் ஒரு வெள்ளைக்காரர் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள்கூட நம்புவதில்லை. அப்போதே எண்பது வயது, நீலக் கண், கலியாணம் கட்டாத தனிக்கட்டை. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மெட்ராஸ்காரர்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நோபல் பார்க்கில் தமிழ்க் குடும்பங்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிட்டு மிச்ச விரலால் தலையும் சொறியலாம். இன்று நாமெல்லாம் கோயிலுக்குக் கார் ஓட்டிப் போகிற கேரம் டவுன்ஸ் அப்போது வெறும் புல்வெளி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி பரமேசும் பண்ணை முட்டை வாங்கப் போய் அங்கே வழி தவறிவிட்டோம். வீதியின் நடுவே யானை உயரத்தில் ஒரு குதிரை நின்றது. ஹோர்ன் அடித்தேன். அது அசையவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் இடித்தது.

“அடேய் கஸ்மாலம்! நவுருடா!”

என்னைத்தான் சொல்கிறார்களென்று நான் காரைப் பின்னுக்கு எடுத்தேன். குதிரையும் நகர்ந்தது. வேலிக்கு மேலே ஒரு பழைய தொப்பி எழுந்தது.

“நீங்கள் தமிழோ?” என்று அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்துக் கேட்டேன். கேள்வியின் மடத்தனம் பிறகுதான் உறைத்தது.

“இன்னாபா, மெட்ராசா?”

“இல்லை, யாழ்ப்பாணம்.”

“அங்க குதிரை கீதா?”

எங்கள் ஊரில் இல்லை என்றேன். எங்கள் முழு இனத்துக்குமாக அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

அவருடைய தமிழ் அத்துடன் முடிந்தது. மிச்சக் கதையை ஆங்கிலத்தில் சொன்னார். முதலாம் உலகப் போருக்கு முன்பு அந்தப் பக்கத்து விவசாயிகள் உருளைக்கிழங்கு விளைவித்தது போலவே குதிரையையும் விளைவித்தார்களாம். உழுவதற்கு ஒரு சாதி, பால்வண்டி இழுக்க ஒரு சாதி. எல்லாவற்றிலும் சிறந்தது இந்தியப் பட்டாளத்துக்கு. வருஷத்துக்கு ஒரு முறை வியாபாரிகள் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து, காலைத் தடவிப் பார்த்து, மந்தையாக வாங்கி மெட்ராசுக்குக் கப்பலேற்றுவார்கள். தன் தகப்பனார் வளர்த்த குதிரைகளைப் பிரிய மனமில்லாமல், இருபது வயதில் இவரும் அதே கப்பலில் ஏறிவிட்டார். மெட்ராஸ் லாயத்தில் நாலு வருஷம். அங்கே பக்கிரி என்ற குதிரைக்காரன் பேசிய தமிழ்தான் இவருக்குத் தெரிந்த தமிழ்.

திரும்பி வந்தவர் தம் குதிரைகளுக்கும் அதையே பழக்கினார். பிறகு டிராக்டர் வந்தது. அயலவர்கள் குதிரைகளை விற்றுவிட்டு மாடு வளர்த்தார்கள். இவர் மட்டும் தகப்பனாரின் வம்சத்தை விடாமல் காத்து வந்தார். மயிலாப்பூர் என்ற குதிரைக்குப் பல்லாவரம் பிறந்தது. பல்லாவரத்துக்கு ராயபுரம் பிறந்தாள். எங்கள் வழியை மறித்து நின்றவள் அந்த ராயபுரம்தான். அந்த வம்சத்தில் மிஞ்சியது அவள் ஒருத்தியே.

குதிரை விற்ற காலத்தில் வியாபாரத்திலும் அவர் தனிப்பிறவியாம். குதிரை வாங்க வருகிறவனிடம் முதலில் அதன் குற்றங்களை ஒன்று விடாமல் சொல்வார். “இடது கண் கொஞ்சம் மங்கல். மழைக்குப் பயம். கோபம் வந்தால் தொப்பியைக் கடிக்கும்.” அதையும் கேட்டுவிட்டு வாங்க நின்றவனின் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். ஒரு முறை கோட் சூட் போட்ட ஒரு கனவானைப் பார்த்து, “இது கடிவாளத்தை வெட்டி இழுக்கிற கை” என்று சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

பரமேசின் தோசைக்கு மயங்கி அவர் மாதம் ஒரு முறை எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வந்ததும் கதிரையைக் காட்டி அவளிடமே, “குந்து, கஸ்மாலம்!” என்று அன்பொழுகச் சொல்வார்.

“என்னப்பா அந்தச் சொல்? சமஸ்கிருதமோ?” என்று பரமேஸ் கேட்டாள்.

என்னுடன் வேலை செய்த சென்னைக்காரர் ஒருவரிடம் விசாரித்தேன். குடித்த தேநீர் அவருக்கு மூக்கால் வந்தது. “ஐயையோ சார், வீட்ல சொல்லிடாதீங்க!” என்றார்.

மெட்ராஸ்காரரிடம் பக்குவமாகக் கேட்டேன். பக்கிரி தனக்கு மிகப் பிடித்த குதிரையின் கழுத்தைத் தடவியபடிதான் அப்படிச் சொல்வானாம். இதற்கு மேல் அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. “செல்லம் எண்டு அர்த்தம்” என்று பரமேசிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த வசந்தத்தில் ராயபுரம் நிறைமாதச் சினையாக இருந்தாள். அந்த நேரம் பார்த்து மெட்ராஸ்காரர் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். ராயபுரத்துக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதென்று பண்ணையிலிருந்து செய்தி வந்திருக்கிறது. மிருக வைத்தியரை அவள் கிட்ட விடுகிறாள் இல்லை. “அவளுக்குத் தமிழ்தான் தெரியும். நீ போ.”

எனக்குக் குதிரை என்றால் பயம். ஆனாலும் போனோம். கொட்டகைக்குள் அவள் வேர்த்து விறுவிறுத்துச் சுழன்றுகொண்டிருந்தாள். உதை வாங்கிய வைத்தியர் முழங்காலைப் பிடித்தபடி, குட்டியின் முன்னங்கால் உள்ளே மடங்கியிருக்கிறது, சுணங்கினால் தாயும் போய்விடும் என்றார்.

நான் தொண்டையைச் செருமினேன். “பிள்ளை, பயப்பிடாதையுங்கோ. கொஞ்சம் அமைதியா நில்லுங்கோ.”

ராயபுரம் என் ஸ்வெட்டர் கையைக் கடித்துக் கிழித்தாள்.

“தள்ளுங்கோ இஞ்சாலை!” என்றாள் பரமேஸ். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஊர்க் கோயிலில் தேவாரம் பாடிய குரலில், கொட்டகைத் தகரம் அதிர, “அடேய் கஸ்மாலம்! கம்முனு நில்லுடா!” என்றாள்.

பெண்குதிரைக்கு ‘டா’ போடலாமா என்று இலக்கணம் கேட்கலாம். ராயபுரம் கேட்கவில்லை. காதைத் திருப்பினாள், நின்றாள். பரமேஸ் அவள் கழுத்தைக் கட்டிப் பிடித்து, “கஸ்மாலம், என்ரை கஸ்மாலம்” என்று அழுதழுது தடவிக்கொண்டே இருந்தாள். வைத்தியர் மடங்கிய காலை நேராக்கி இழுத்தார். அரை மணித்தியாலத்தில் நனைந்த குடை போல ஒரு பெண்குட்டி வைக்கோலில் விழுந்து, நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து எழுந்து நின்றது.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரமேசின் சேலையெல்லாம் வைக்கோல், குதிரை வாசம். வார்டு வாசலில் ஒரு தாதி மறித்தாள். பார்வை நேரம் முடிந்துவிட்டதாம். நெருங்கிய சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே போகலாமாம். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

நண்பர்கள் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். பரமேஸ் முந்திக்கொண்டாள். “நான் அவருடைய மகள்” என்றாள், திருத்தமான ஆங்கிலத்தில்.

தாதி பரமேசின் குங்குமத்தைப் பார்த்தாள். கட்டிலில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த கிழவரின் நீலக் கண்களைப் பார்த்தாள். பிறகு கட்டிலருகே ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

அந்தப் பிற்பகலிலிருந்து நான் மெட்ராஸ்காரரின் மருமகன்.