மூலைக்கம்பத்தை இரண்டு முறை எண்ணியவர்கள் பற்றி மச்சானுக்கு

வாழவந்தி நாடு,
திங்கட்கிழமை.

பெரிய மச்சான் அருணாசலம் அவர்களுக்கு, காளியண்ணன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. நாமக்கல்லில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் தங்கை மேனகா, மருமகள் அம்சவேணி, மாடுகள் இரண்டு, எல்லாரும் சுகம். நான் மட்டும்தான் சுகமில்லை. காய்ச்சல் இல்லை மச்சான், பயம். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனைத் தொட்டாலே வம்பு வருவதால்தான் கடிதம்.

அம்சவேணி பதினோராம் வகுப்புக்குப் போனதிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறிவிடுகிறாள். சிக்னல் அங்கேதான். படிக்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை மாட்டை அவிழ்க்கப் போனவன் காதில் அவள் பேச்சு விழுந்தது. “அவன மொதல்ல தனியாப் பிரிச்சு எடுத்துரலாம். மிச்சம் ரெண்டு பேரும் தானா மாட்டிக்குவாங்க” என்கிறாள். போனுக்குள்ளிருந்து ஒரு பையன் குரல், “யோசிக்காத மிளகு, ரெண்டு பக்கமும் வெட்டிரு” என்றது. மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மிளகு என்றால் நம் அம்சவேணியாம். வெட்டச் சொன்னவன் பெயர் முள்ளம்பன்றி. கூடவே ஒரு பெண், அவள் பெயர் கருந்துளை. சொந்தப் பெயரை மறைத்துக்கொள்கிறவர்கள் நல்ல காரியமா செய்வார்கள்? போன மாதம் நம் கிழங்கை ஒரு பாத்தி முழுக்கத் தோண்டித் தின்றது முள்ளம்பன்றிதான். அந்தப் பெயரை ஆசைப்பட்டு வைத்துக்கொள்கிறவன் எப்பேர்ப்பட்டவனாக இருப்பான் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுநாள் போனைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அம்சவேணி அழவில்லை, சண்டை போடவில்லை. “கணக்குத்தானுங்கப்பா” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு சரி, என்னிடம் பேச்சே இல்லை. கணக்குக்கு எதற்கு வெட்டுவது, பிரிப்பது? நான் நம்பவில்லை. மேனகா மட்டும், “ஏனுங்க, புள்ள மூணு நாளா அர வயித்துக்குத்தான் திங்குது. அது மொகத்தப் பாத்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்த்தேன் மச்சான். பார்த்ததால்தான் நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலையில் மிளகு பறிக்க மூங்கில் ஏணியைச் சாய்த்து, மிளகுக்கொடி படர்ந்த பெரிய சில்வர் ஓக் மரத்தில் ஏறினேன். முப்பதடி உயரம் போயிருப்பேன், சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பாறையில் மட்டும்தான் சிக்னல் என்று நினைத்தவனுக்கு மர உச்சியிலும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. அணைக்கலாமென்று எடுத்தால் எதன்மேல் விரல் பட்டதோ, “மிளகு வந்துட்டா!” என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கத்தின. ஒரு கை ஏணியில், ஒரு கை போனில். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. மூச்சு விடாமல் நின்றேன். அவர்களோ, மகள்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அறுபதடி நீளம், நாற்பதடி அகலத்தில் ஒரு தோட்டமாம். சுற்றி வேலி, பத்தடிக்கு ஒரு கம்பம். கருந்துளை இருபது கம்பம் என்கிறது. முள்ளம்பன்றி ஒவ்வொரு பக்கமாக எண்ணி, ஏழு, ஐந்து, ஏழு, ஐந்து, ஆக இருபத்துநாலு என்கிறது. “மொதப் படியே இடிக்குதே, இதுல மேல எப்படிப் போறது? மிளகு, நீ ஏன் பேச மாட்டேங்கற?” என்று இரண்டும் மாறி மாறிக் கேட்கின்றன. பன்றிக்குப் பயந்து எத்தனை வேலி போட்டிருக்கிறேன் நான்! என்னையும் மீறி வாயில் வந்துவிட்டது. “மூலைக்கம்பம் ரெண்டு பக்கத்துக்கும் பொது, கண்ணு! நாலு மூலையையும் ரெண்டு தடவ எண்ணிப்போட்டீங்க!”

பிறகு முள்ளம்பன்றி மெதுவாக, “நீங்க யாருங்க?” என்றது. பயத்தில் என் பெயர், அப்பா பெயர், காட்டின் சர்வே நம்பர் வரைக்கும் ஒப்பித்துவிட்டேன். “மிளகோட அப்பாங்களா? மிளகுக்கு ஒண்ணும் ஆகலையே? மூணு நாளா ஆளக் காணோம்னு ரொம்பப் பயந்துட்டோம்” என்று கருந்துளை கேட்டது. குரல் உடைந்திருந்தது. என் பெண்ணுக்காக எங்கேயோ ஒரு பிள்ளை அழுகிறது, நான் அதை வெட்டுக்கூட்டம் என்று நினைத்திருக்கிறேன். எப்படி இறங்கினேன் என்று தெரியாது, ஏணி மட்டும் ஆடியது நினைவிருக்கிறது. நேராகப் போய் அம்சவேணியைப் பாறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், கையில் போனைக் கொடுத்தேன். அவள் திரும்பக் கூப்பிட்டுக் காதில் வைத்துக் கேட்டாள், என்னைப் பார்த்தாள், மூன்று நாள் கழித்துச் சிரித்தாள். தனியாகப் பிரித்தது எக்ஸ் என்கிற எழுத்தையாம், வெட்டியது சமன்பாட்டின் இரண்டு பக்கத்திலும் இருந்த ஒரே எண்ணையாம்.

பயம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், இனிமேல்தான் பயமே. வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனில் கணக்குப் போட வேலி மாமாவும் கட்டாயம் வரவேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேலி மாமா நான்தான். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு வேலியாக இருந்தது, தப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை வேறு எதையாவது கேட்டு நான் முழித்தால், பாறையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் பெண்ணின் முகம் என்ன ஆகும்? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீங்கள் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், உங்களுக்குத் தெரியாத கணக்கு கிடையாது. முதல் பஸ்ஸுக்கே ஏறி வந்து, என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, விடையை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைய எங்கள் எல்லாருடைய வேண்டுதலும். பாறை ஏற நான் கை கொடுக்கிறேன்.

பயத்துடன்,
உங்கள் தங்கை கணவன்,
காளியண்ணன்.

பின்குறிப்பு: பிழை திருத்தச் சொல்லி இதை அம்சவேணியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “அப்பா, வெட தெரிஞ்ச கணக்க நாங்க எடுக்கவே மாட்டோமுங்க. மூணு பேருக்குமே தெரியாததத்தான் எடுப்போம். தெரியலன்னு மொதல்ல யாராச்சும் சொன்னாத்தான் பேச்சே ஆரம்பிக்கும்” என்றாள். தெரியாதவர்களாகப் பார்த்துத்தான் சேர்க்கிறார்களாம். ஆகையால் மச்சான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் வரவேண்டாம். உங்களுக்கு எல்லாம் தெரியும்.