அம்பிட்டிய அறையில் ஒரு பயர்வோல்

இலங்கையிலுள்ள இணையத் திருடர்கள் அத்தனை பேரும் ஒன்றுகூடி முயன்றாலும் பயர்வோலிடமிருந்து ஒரு தும்மலைக்கூடத் திருடியிருக்க முடியாது.

கணினிக்குள் கண்டவர்கள் நுழையாமல் மறிக்கிற மென்பொருளுக்குப் பெயர் பயர்வோல். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மென்பொருள் பொறியியல் படிக்க வந்தவனுக்கு வகுப்பே கூடி வைத்த பட்டம் அது. பெற்றோர் வைத்த பெயரை முதல் தவணை முடியும்வரை அவன் எங்களுக்குச் சொல்லவில்லை.

நானும் அவனும் கண்டிக்குப் பக்கத்திலுள்ள அம்பிட்டியவில் ஒரே அறை. நான் ஹட்டனிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய அன்று நல்ல மழை. வீட்டுக்காரர் எனக்குக் குடை பிடித்தபடி அறைக் கதவைத் தட்டினார்.

"ஆர்?"

"நான்தாங்க, ரூமுக்குப் புதுசா வந்திருக்கேன்."

"அதை எப்பிடி நம்புறது? பொறுங்கோ."

சற்று நேரத்தில் என் பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"அங்கிள், வாசல்ல ஒராள் நிக்கிறார். நீங்கள் அனுப்பின ஆளோ?"

"அடேய், நானும் அவரோடதான் நனையிறேன். கதவத் தொற!"

கடைத்தெருவுக்குப் போனால் இன்னும் மோசம். ஒருமுறை அரிசி மூட்டையோடு த்ரீவீலில் ஏறினோம். எங்கே போகவேண்டும் என்று சாரதி கேட்டதும், வீட்டுக்கு வெகு கீழே இருக்கும் சந்தியைச் சொன்னான் பயர்வோல். மூட்டையைச் சுமந்துகொண்டு ஏற்றத்தில் மூச்சுவாங்கும்போது காரணம் கேட்டேன்.

"நாங்கள் இருக்கிற இடம் அவருக்கு எதுக்கு மச்சான்?"

ஆனால் அவன் பாதுகாப்பின் உச்சத்தைக் கண்டது எங்கள் செயற்றிட்டத்தைக் காட்டவேண்டிய நாளில்தான். குழுவின் முழு வேலையும் அவனுடைய மடிக்கணினியில் இருந்தது. விரிவுரையாளர் மிஸ் முன்னால் உட்கார்ந்திருக்க, இவன் பாஸ்வேர்டைத் தட்டினான். பிழை. மறுபடியும் பிழை. முதல் நாள்தான் அதை மாற்றியிருக்கிறான். கடைசியில் கணினியே இரங்கி, 'உங்கள் முதல் ஆசிரியரின் பெயர் என்ன?' என்று கேட்டது.

அதற்கும் திருதிருவென்று விழித்தான்.

"ஏன் தம்பி, டீச்சர் பேரு மறந்துபோச்சா?" என்றார் மிஸ்.

"இல்லை மிஸ். உண்மையான பேரைப் போட்டா ஆராவது கண்டுபிடிப்பினம் எண்டு பொய்ப் பேர் குடுத்தனான்."

"சரி, அந்தப் பொய்ப் பேரப் போடுங்களேன்."

"அதுதான் மிஸ் ஞாபகமில்லை."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "கள்ளன் உள்ள வரக்கூடாதுதான் தம்பி. ஆனா வீட்டுக்காரன் உள்ள போகணுமே!" கணினிப் பாதுகாப்புப் பாடத்தில் எனக்கு இன்றுவரை மறக்காத வரி அதுதான். பரீட்சையிலும் அதையே நீட்டி எழுதிவைத்தேன்.

இறுதியாண்டில் ஒருநாள் யாரோ என் மெசேஜ் கணக்கைக் கைப்பற்றி, என் பெயரில் வகுப்பு முழுவதற்கும் செய்தி அனுப்பிவிட்டார்கள்: 'எக்சிடன்ட் பட்டு கண்டி ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். உன் போனுக்கு வரும் கோட் நம்பரை உடனே அனுப்பு.'

பதறிப்போய் என் போனை அணைத்துவிட்டு, வகுப்புத் தோழன் ரிஸ்வானின் போனில் ஒவ்வொருவரையும் அழைத்தேன். எல்லாரும் படித்த பிள்ளைகள். "பாத்ததுமே தெரிஞ்சுச்சு, கள்ள மெசேஜ்னு" என்று சிரித்தார்கள். பயர்வோல் மட்டும் எடுக்கவில்லை. ரிஸ்வானின் நம்பரை அவன் பதிந்துவைத்திருக்கவில்லை; தன்னிடம் இல்லாத நம்பரை அவன் எந்தக் காலத்திலும் எடுத்ததில்லை.

"அவன இப்பதான் பாத்தேன் மச்சான்," என்றான் ரிஸ்வான். "ஆஸ்பத்திரிப் பக்கமா ஓடுறான். கூப்பிட்டும் திரும்பல்ல."

நானும் ஓடினேன். விபத்துப் பிரிவில், முகமெல்லாம் கட்டுப்போட்டுப் படுத்திருந்த யாரோ ஒருவரின் மேல் குனிந்து, "மச்சான், நீதானோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். தாதி அவனை வெளியே போகச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் வந்து தலையைத் தடவினான். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லடா. அது கள்ள மெசேஜ். கோட் குடுத்திட்டியா?"

"விசரே உனக்கு? நான் குடுப்பனே?"

"அப்ப கள்ள மெசேஜ்னு தெரியும்தானே?"

"ஓம், தொண்ணூறு வீதம் தெரியும்."

"பிறகு எதுக்குடா இப்பிடி ஓடி வந்த?"

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னான்:

"மிச்சம் பத்து வீதம் இருந்ததே, மச்சான்."