கைப்பிடி இல்லாத விசிறி

பெட்டியைத் திறந்து பார்த்த வெளியுறவுத் துறை அதிகாரி லியாவ் போஹான் உடனே மூடிவிட்டார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் உள்ளே வேறு ஏதாவது இருக்கும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

திறந்தார். விசிறிதான் இருந்தது.

தாழை ஓலையில் பின்னிய பெரிய வட்ட விசிறி. நடுவே சாயம் தோய்த்த நாரில் இரண்டு நாட்டுக் கொடிகள். ஓரம் முழுக்கச் சிப்பிகள், தோனுவா நாட்டின் தீவு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. வேறு எந்த நாட்டில் கொடுத்திருந்தாலும் கைதட்டி வாங்கியிருப்பார்கள். எங்கள் தலைநகர் தைப்பேயில் கொடுத்தால் கதை வேறு. விசிறி என்ற சொல்லும் பிரிவு என்ற சொல்லும் எங்கள் வாயில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். விசிறி கொடுத்தவர் முகத்தை மறுபடி பார்க்க முடியாது என்று பழமொழியே இருக்கிறது.

"சார், இதையா மந்திரி எல்லார் முன்னாடியும் வாங்கப் போறாரு?" என்றாள் பக்கத்து மேசை பெய்லின்.

"மெதுவாப் பேசும்மா."

"இருபத்தஞ்சு வருஷ நட்புக்கு விழா எடுக்கிறோம். அவங்க 'போய்ட்டு வர்றோம்'னு சொல்ற மாதிரி இருக்கு."

"போய்ட்டு வர்றோம்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல. இதுல 'வர்றோம்' கிடையாது."

எங்களை ஒரு நாடு என்று ஒப்புக்கொண்டு தூதரை அனுப்பி வைத்திருக்கும் நாடுகள் உலகத்தில் கொஞ்சம்தான். அதிலும் ஒவ்வொன்றாக எதிர்க்கரைச் சீனாவின் பக்கம் போய்க்கொண்டிருந்தன. போஹான் வேலை பார்த்த மூன்று நாடுகள் அப்படிப் போயின. மூன்றிலும் தூதரகக் கொடியை இறக்கி மடித்தவர் அவரே. மடிப்பு கலையாமல் மடிப்பார் என்று துறையில் நல்ல பெயர். 'வழியனுப்பு லியாவ்' என்பது இன்னொரு பெயர். நான்காவதாகத் தோனுவாவும் போனால் அவரை அடித்தளக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாகத் தலைமை இயக்குநர் ச்சாய் சொல்லியிருந்தார். விலகிப்போன நாடுகளின் கொடிகளை, என்றாவது திரும்பி வருவார்கள் என்று, அந்துருண்டை போட்டு வைத்திருக்கும் கிடங்கு அது.

ஆனால் போஹானுக்குப் பெரிய கவலை கிடங்கு அல்ல. தோனுவாவின் தூதர் தெக்கோவா அவருடைய நண்பர். புதன்கிழமை தோறும் இருவரும் கடைத்தெருவில் நின்றபடி, நாற்றமெடுக்கும் பொரித்த தோஃபுவைத் தின்பார்கள். அந்த நாற்றத்தை முகம் சுளிக்காமல் தாங்கிய ஒரே வெளிநாட்டுப் பிரதிநிதி தெக்கோவாதான். நட்புறவு என்று போஹான் நம்பியது அதை மட்டும்தான்.

அவர் தூதரோடு தொலைபேசியில் பேசினார்.

"பரிசு ரொம்ப அழகு. இதைச் சுவர் அலங்காரம்னு அறிவிச்சுக்கலாமா?"

"இல்ல போஹான். விசிறின்னே சொல்லுங்க."

"வேற ஏதாவது கைவேலைப் பொருள் இருந்தா..."

"யோசிச்சுத்தான் இதை எடுத்தேன். விசிறியாவே இருக்கட்டும். பார்க்கிற எல்லாருக்கும் அது விசிறின்னு தெரியணும்."

"சரி. புதன்கிழமை வழக்கம்போலத்தானே?"

"பார்க்கலாம்" என்றார் தூதர்.

போஹான் பெருமூச்சு விட்டார். பாவம், எங்கள் ஊர்ப் பழமொழி அவருக்கு எப்படித் தெரியும்?

விஷயம் தலைமை இயக்குநரிடம் போனது. ச்சாய் எந்தச் சிக்கலையும் பெயர் மாற்றித் தீர்ப்பவர். உறவு முறிந்தால் 'உறவில் இடைவேளை' என்பார்.

"விசிறின்னு யார் சொன்னது? நெசவுச் சிற்பம்னு அட்டை எழுதி வைங்க."

"கைப்பிடி இருக்கே சார்."

"அப்போ எடுத்துடுங்க."

"அயல்நாட்டு அரசாங்கத்தோட பரிசு சார்..."

"உடைக்கவா சொன்னேன்? கயித்துலதானே கட்டியிருக்கு, அவிழுங்க. விழா முடிஞ்சதும் கட்டிடலாம். கைப்பிடி இல்லாட்டி அது எப்படி விசிறி ஆகும்?"

போஹான் கயிற்றை அவிழ்த்துக் கைப்பிடியைத் தன் கோட்டின் உட்பைக்குள் செருகிக்கொண்டார். அது அக்குளைக் குத்தியது. மிச்சத்தை மேடையில் நிறுத்தி இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

வட்டம். ஓரத்தில் சம இடைவெளியில் பன்னிரண்டு சிப்பிகள். நடுவிலிருந்து இரண்டு கொடிக்கம்பங்கள், ஒன்று நீளமாக, ஒன்று கொஞ்சம் குட்டையாக.

"சார்," என்றாள் பின்னால் வந்த பெய்லின், "இந்தக் கடிகாரம் எப்போ வந்துச்சு?"

ச்சாயின் முகம் வெளுத்தது. எங்கள் ஊரில் விசிறி கொடுத்தால் பிரிவு. கடிகாரம் கொடுத்தால் சாவுப் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி. மந்திரிக்கு வயது எழுபதுக்கு மேல். போன மாதம்தான் இதயத்தில் ஏதோ வைத்திருந்தார்கள்.

"கைப்பிடியை மறுபடி கட்டிடட்டுமா சார்?"

"கட்டினா விசிறி, கட்டாட்டி கடிகாரம். இதென்ன பரிசா, பொறியா?"

அப்போதுதான் போஹானுக்கு அந்தப் பழைய பரிகாரம் நினைவுக்கு வந்தது. ஆகாத பொருளை யாராவது கொடுத்தால், வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு நாணயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அப்போது அது பரிசு இல்லை, விலைக்கு வாங்கியது. தோஷம் போய்விடும்.

"பிரமாதம்!" என்றார் ச்சாய். "இந்த யோசனை எனக்கு நேத்தே வந்துச்சு."

எங்கள் ஊர்ப் பத்து டாலர் நாணயம் ஒன்றைச் சிவப்பு உறையில் போட்டு மந்திரியின் சட்டைப் பையில் வைத்தார்கள். யாருக்கும் விசிறும் எண்ணமே வராதபடி அரங்கத்தின் குளிர்சாதனத்தையும் முடிந்த மட்டும் கூட்டி வைத்தார்கள்.

விழா தொடங்கியது. தோள் திறந்த உடையில் வந்திருந்த தோனுவா மாணவிகள் தங்கள் தேசிய கீதத்தைப் பாடினார்கள். குளிரில் பற்கள் தந்தியடித்ததில் ஒவ்வொரு சுரமும் நாலாக உடைந்தது. உணர்ச்சிவசப்பட்டுப் பாடுகிறார்கள் என்று முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மந்திரி பேசினார். "மலை தேயலாம், கடல் வற்றலாம். தோனுவாவோடு நமக்குள்ள நட்பு தேயாது, வற்றாது." எழுதிக் கொடுத்தது போஹான். போன மூன்று நாடுகளுக்கும் இதே உரைதான். பெயரை மட்டும் மாற்றுவார். மலையும் கடலும் அப்படியே இருந்தன.

வெற்று மார்பில் சங்குமாலை அணிந்த தெக்கோவா எழுந்து வந்தார். ஆறடி உயரம், நூற்றிருபது கிலோ, அவரும் நடுங்கிக்கொண்டிருந்தார். வட்டத்தைக் கையில் எடுத்தவர் கைப்பிடியைத் தேடி மேலும் கீழும் தடவினார். கிடைக்கவில்லை. தட்டில் சோறு ஏந்துவதுபோல இரு கைகளாலும் ஏந்தி மந்திரியிடம் நீட்டினார்.

மந்திரி வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு உறையை எடுத்துத் தூதர் கையில் வைத்தார்.

அரங்கத்திலிருந்த கேமராக்கள் மொத்தமும் ஒரே நேரத்தில் மின்னின. எங்கள் நட்பு நாடுகளையெல்லாம் காசு கொடுத்துத்தான் வைத்திருக்கிறோம் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார்கள். படம்தான் அவர்களிடம் இல்லாமல் இருந்தது.

"மந்திரி, உறைக்குள்ள எவ்வளவு?" என்றார் முதல் நிருபர்.

"அது... ஒரு அடையாளம். சின்னத் தொகை."

"சின்னதுன்னா எத்தனை கோடி?"

"ஒளிக்க ஒண்ணுமில்ல! தூதர் ஐயா, திறந்து காட்டுங்க!" என்று பின்வரிசையிலிருந்து ச்சாய் கத்தினார்.

தெக்கோவா உறையைக் கவிழ்த்தார். ஒற்றை நாணயம் விழுந்து, உருண்டு, மேடைப் பலகைக்கு அடியில் போய்ப் படுத்தது.

"பத்து டாலர்" என்றார் இரண்டாவது நிருபர், எழுதிக்கொண்டே. "இருபத்தஞ்சு வருஷத்துக்கு."

"இதுக்கு ஒரு தேநீர் கூட வராதே" என்றார் மூன்றாமவர்.

போஹான் பாய்ந்து போய் மண்டியிட்டு மேடைக்கு அடியில் கையை விட்டார். நாணயம் கிடைத்தது. குனிந்த வேகத்தில் அவர் கோட்டிலிருந்து விசிறியின் கைப்பிடி வழுக்கி, எல்லார் கண்ணெதிரேயும் தரையில் விழுந்தது.

குளிர்சாதனம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

தெக்கோவா கைப்பிடியை எடுத்தார். மந்திரியின் கையிலிருந்து வட்டத்தை மெல்ல வாங்கி, கைப்பிடியோடு வந்த கயிற்றால் நிதானமாகக் கட்டினார். பிறகு மந்திரியின் முகத்துக்கு நேராக ஒரே ஒரு தடவை வீசினார்.

"விசிறி" என்றார், எங்கள் மொழியில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

மந்திரி தும்மினார். விழா முடிந்தது.

சிற்றுண்டி அறையில் யாரும் போஹான் பக்கம் வரவில்லை. ச்சாய் மட்டும் கடந்து போகும்போது, "கிடங்குல ஈரம் அதிகம். கம்பளிச் சட்டை வச்சுக்குங்க" என்றார். தூதரின் பரிசைத் திருடியவன், மந்திரிக்கு அவமானம் தேடித் தந்தவன். போகட்டும். போஹான் நேராகத் தெக்கோவாவிடம் போனார்.

"மன்னிச்சுக்கணும். உங்க நாட்டுப் பொருள்ல கை வச்சுட்டேன்."

"ஏன் கழட்டினீங்க?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. "எங்க ஊர்ல விசிறி கொடுத்தா ரெண்டு பேரும் பிரிஞ்சுடுவாங்க, அப்புறம் முகத்துல முழிக்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. உங்களுக்குத் தெரியாது. தெரியாமச் செஞ்சதுக்கு யாரும் உங்களைப் பேசிடக் கூடாதுன்னுதான்..."

தூதர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தக் காசு?"

"அதுதான் பரிகாரம்." போஹான் நாணயத்தை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இப்போ நீங்க குடுக்கலை, நாங்க வாங்கினோம். இனிமே பிரிவு கிடையாது. மறுபடி பார்த்தே ஆகணும்."

தெக்கோவா விரல்களைத் திறந்து நாணயத்தைப் பார்த்தார்.

"இப்படி ஒரு வழி இருக்கா?" என்றார். "அதை எனக்கு யாரும் சொல்லலையே."

திடீரென்று போஹானை இழுத்து அணைத்துக்கொண்டார். சங்குமாலை போஹானின் மூக்கில் பதிந்தது. விடுவித்தபோது தூதரின் கண்கள் ஈரமாக இருந்தன. கோபமில்லை! நான்காவது கொடியை மடிக்க வேண்டியதில்லை. கிடங்குக்கே அனுப்பினாலும் போஹான் சிரித்துக்கொண்டே போவார்.

அந்தச் சந்தோஷத்தில் தூதரகத்தார் மேலே விட்டுப்போன விசிறிப் பெட்டியின் மூடியை அவரே தூக்கிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கினார். தோனுவா தூதரகத்தின் ஓட்டுநர் ஆஹாய், உள்ளூர்க்காரர், வெற்றிலைப் பாக்கைக் கடித்தபடி வண்டியில் சாய்ந்து நின்றார்.

"பெட்டி மூடியை மறந்துட்டீங்களே, ஆஹாய் அண்ணே."

"அது இனி எதுக்கு சார்." ஆஹாய் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "மேல ஏதோ கலாட்டாவாமே. தப்பு என்மேலதான்."

"உங்கமேல என்ன தப்பு? வண்டியிலேயே இருந்த மனுஷன்."

ஆஹாய் பாக்கை ஒதுக்கித் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போன வாரம் தூதர் ஐயா வண்டியில வரும்போது கேட்டாரு சார்: 'எனக்கு இங்க ஒரு சிநேகிதர் இருக்காரு. இனிமே பார்க்க முடியாதுன்னு அவர்கிட்ட வாயால சொல்ல மனசு வரலை. உங்க ஊர்ல அதுக்கு என்ன குடுப்பாங்க?'ன்னு."